மட்டையை எப்போது ஓங்குவது, எப்போது சுருக்குவது

தொப்பியைத் தொட்டேன், அப்புறம் கைக்கடிகாரத்தைத் தொட்டேன். பண்ட் போடு என்று அர்த்தம், அதாவது ஓங்காமல் மட்டையைக் குறுக்கே நீட்டிப் பந்தை மெல்லத் தட்டு. பள்ளிகளுக்கிடையே நடந்த சாஃப்ட்பால் நாக் அவுட். முதல் இன்னிங்ஸ், இன்னும் யாரும் அவுட் ஆகவில்லை, ஃபர்ஸ்ட் பேஸில் எங்கள் பெண் ஒருத்தி நிற்கிறாள். மட்டையோடு நின்றவள் டீமிலேயே பலமாக அடிப்பவள். மிஸ் சைகையை மாற்றிப் போட்டுவிட்டாரோ என்று என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். நான் மறுபடியும் தொப்பி, கடிகாரம். சரி என்று மட்டையைக் குறுக்கே நீட்டினாள். பந்து மேலே எழும்பி, ஓடி வந்த ஃபர்ஸ்ட் பேஸ் பெண்ணின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. அவள் அப்படியே திரும்பி எறிய, பாதி தூரம் ஓடிவிட்ட எங்கள் ரன்னரும் அவுட். ஒரே பந்தில் இரண்டு பேர். மேட்ச்சை 3-2 என்று தோற்றோம்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: "அடிக்கத் தெரிஞ்சவளை எதுக்கு மிஸ் தட்டச் சொன்னீங்க?"

"பெரிய மேட்ச்ல பாத்துதாம்மா ஆடணும்" என்றேன். நான் கேட்சராக, அதாவது கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி மட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆடிய காலத்தில் என் கோச் எனக்குச் சொன்னதையே அவளுக்குத் திருப்பிச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அக்டோபர் மாதக் காலைகளில் அமெரிக்க பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தேன். நாங்கள் இருப்பது பெங்களூரு ஹலசூரை ஒட்டிய கௌதமபுரம். பெலேவுக்குச் சிலை வைத்த ஏரியா. ஃபுட்பாலைத் தவிர வேறு எதைப் பேசினாலும் "உனக்கு ஏன்க்கா இந்த வேலை?" என்பார்கள். அங்கே இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடிகாலை ஐந்தரை. நந்தினி பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைத்துவிட்டு, போனை அஞ்சறைப் பெட்டி மேல் சாய்த்து வைத்தால், பையனுக்கு டிபன் பாக்ஸ் கட்டி முடிப்பதற்குள் நாலு இன்னிங்ஸ் ஓடிவிடும். என் மாமியாருக்கு ஆட்டம் புரியாது. ஆனால் எந்த மேனேஜர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறாரோ அவர் தோற்பார் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்கிற ஆட்டத்தில் ஓங்கி அடிப்பதா, நிலைமையைப் பார்த்து அடிப்பதா? பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கும், ஆடுகிறவர்களுக்கும், கிரிக்கெட் கண்ணோடு இந்த ஆட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அவுட்டை எண்ணுங்கள்

நம்மில் பலரும் கிரிக்கெட் வழியாகத்தான் இங்கே வருகிறோம். அங்கிருந்துதான் இந்தக் குழப்பமும் கூடவே வருகிறது. டி20-யில் 120 பந்து, 10 விக்கெட். பெரும்பாலும் பந்துதான் முதலில் தீரும். அதனால் ஒன்று இரண்டு என்று தட்டி ஓடுகிறவருக்கு மரியாதை உண்டு. விக்கெட்டையும் காப்பாற்றுகிறார், பந்தையும் வீணாக்கவில்லை. பேஸ்பாலில் பந்துக்குக் கணக்கே கிடையாது. ஒரே பேட்டருக்குப் பன்னிரண்டு பந்து போடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கையில் இருப்பது அவுட் மட்டும். இன்னிங்ஸுக்கு மூன்று, ஒன்பது இன்னிங்ஸுக்கு 27. எங்கள் சாஃப்ட்பாலில் ஏழு இன்னிங்ஸ், 21. மாதக் கடைசியில் கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்துச் சமைக்கிறோமே, அந்த மாதிரி செலவு பண்ண வேண்டிய சரக்கு அது.

சாக்ரிஃபைஸ் பண்ட் என்பது தெரிந்தே ஒரு அவுட்டைக் கொடுத்து, ரன்னரை ஒரு பேஸ் நகர்த்துவது. பார்க்க அடக்க ஒடுக்கமான ஆட்டம் போலத் தெரியும். உண்மையில் அது ஊதாரிச் செலவு.

அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீகில் லட்சக்கணக்கான இன்னிங்ஸ்களை வைத்துப் போட்ட கணக்கு உண்டு. வருடத்துக்கு வருடம் கொஞ்சம் ஏறி இறங்கும், சுமாராகச் சொல்கிறேன். ஃபர்ஸ்ட் பேஸில் ஒருவர், அவுட் இல்லை என்றால் அந்த இன்னிங்ஸில் அதற்குமேல் சராசரியாக 0.9 ரன் வரும். பண்ட் சரியாக விழுந்து செகண்ட் பேஸில் ஒருவர், ஒரு அவுட் என்று ஆனால் அது 0.7-க்கும் கீழே போய்விடுகிறது. "சராசரியை விடுங்க மிஸ், ஒரே ஒரு ரன்னாவது வருமா?" என்று கேட்டால், அந்த வாய்ப்பும் நூற்றுக்கு 40 சொச்சத்திலேயே நிற்கிறது, ஏறவில்லை. பண்ட் ஒழுங்காக விழுந்தால்தான் இந்தக் கணக்கே. எங்கள் பெண்ணுடையது போல மேலே எழும்பினால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் செகண்ட் பேஸில் ஒருவர், அவுட் இல்லை என்றால் கதை வேறு. அவரைத் தேர்டுக்கு நகர்த்தி ஒரு அவுட் கொடுத்தால் சராசரி ரன் குறையத்தான் செய்கிறது. ஆனால் ஒரு ரன்னாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபது சொச்சத்திலிருந்து இன்னும் சற்று ஏறுகிறது. தேர்ட் பேஸில் இருப்பவர் வீடு, அதாவது பேட்டர் நிற்கும் ஹோம் பேஸ், வந்து சேர்ந்தால் ரன்; அதற்கு ஹிட்டே வேண்டியதில்லை. உயரமாக ஒரு கேட்ச் போதும் (பிடித்த பிறகு ஓடி வரலாம்), மெதுவாக உருளும் ஒரு பந்து போதும். ஆகவே ஃபர்ஸ்டில் இருப்பவரை நகர்த்த அவுட் கொடுக்காதீர்கள். செகண்டில் இருப்பவரை நகர்த்தக் கொடுக்கலாம், அதுவும் ஒரு ரன் மட்டும் போதும் என்கிற நேரத்தில். அன்றைக்கு நான் கொடுத்தது முதல் இன்னிங்ஸில், ஃபர்ஸ்டில் இருந்தவளுக்காக, டீமின் சிறந்த பேட்டர் கையிலிருந்து. மூன்றும் தப்பு.

அக்டோபரில் ஹோம் ரன் ஏன் கனக்கிறது

"பெரிய மேட்ச்ல பாத்து ஆடணும்" என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். லீக் முடிந்து நாக் அவுட் நடக்கும் அக்டோபரில் எதிரே பந்து போடுகிறவரும் வேறு ஆள். 162 ஆட்டம் உள்ள லீக் பருவத்தில் ஐந்து ஸ்டார்ட்டர்கள், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர்கள், முறை போட்டு வருவார்கள், நாலாவது ஐந்தாவது ஆளிடம் நாலு ரன் தேற்றிவிடலாம். அக்டோபரில் இடையிடையே ஓய்வு நாள் வருவதால் அந்த ஆட்கள் பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். சிறந்த மூன்று பேர், அவர்களுக்குப் பின்னால் மாற்றாக வந்து பந்து போடும் வேகமான ரிலீவர்கள், அவ்வளவுதான்.

ஒரு பேட்டர் பத்துக்கு மூன்று முறை பேஸுக்குப் போய்ச் சேருவார் என்று வையுங்கள். அடுத்தடுத்து மூன்று பேர் போய்ச் சேர 0.3-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். நூற்றுக்கு மூன்றுகூட வராது. நல்ல பிட்ச்சர் வந்து அந்த 0.3-ஐ 0.25 ஆக்கிவிட்டால் நூற்றுக்கு ஒன்றரை. பூ கட்டுவது போல சிங்கிளாகக் கோத்துக்கொண்டே போகலாம் என்ற திட்டம், பந்து நன்றாக விழும் நாளில்தான் முதலில் அறுந்து போகும். பந்து வேலியைத் தாண்டி, அடித்தவரே வீடு வந்து சேரும் ஹோம் ரன்னுக்குக் கோர்வை வேண்டாம். அந்தப் பெரிய பிட்ச்சர் மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு பந்தைத் தப்பாக நடுவில் வைத்தால் போதும்.

2025 வேர்ல்ட் சீரிஸ், அதாவது மேஜர் லீகின் இறுதித் தொடர், ஏழாவது ஆட்டம், நமக்கு நவம்பர் 2, ஞாயிறு காலை. டொராண்டோ ப்ளூ ஜேஸ் அந்தப் பருவம் முழுக்க அதிகம் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆகாமல் பந்தைத் தொட்டு ஆடிய டீம். எதிரே லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 4-3 என்று பின்தங்கி, இரண்டே அவுட் மிச்சம் வைத்து நின்றார்கள். மிகெல் ரோஹாஸ், ஃபீல்டிங்குக்காக டீமில் இருப்பவர், அடித்தார் ஒன்று: 4-4. பதினோராவது இன்னிங்ஸில் கேட்சர் வில் ஸ்மித் இன்னொன்று: 5-4. இரண்டு முறையும் பேஸில் ஒரு ஆள் கிடையாது. யாரையும் நகர்த்தவில்லை, யாரையும் தியாகம் பண்ணவில்லை. கோப்பை போய்விட்டது.

அதனால் என் முதல் விதி: முதல் ஆறு இன்னிங்ஸ், எங்கள் ஆட்டத்தில் முதல் நாலு, யாரையும் அடக்காதீர்கள். நடுவில் வரும் பந்துக்குக் காத்திருக்கட்டும், வந்தால் முழுசாகச் சுற்றட்டும். காத்திருப்பதும் இதில் சேர்த்திதான். ஓங்கி அடிப்பவர் என்றால் எல்லாப் பந்துக்கும் மட்டையை வீசுகிறவர் இல்லை. தப்பாக வரும் நாலு பந்தை விட்டுவிட்டு, வாக் வாங்கி ஃபர்ஸ்டுக்குச் சும்மா நடந்து போவதும் பலசாலி பண்ணுகிற வேலையே.

ஒரு ரன் போதும் என்கிற நேரம்

இதுவரை படித்துவிட்டு, பயிற்சிக்குப் போய் எல்லோரையும் காட்டுச் சுற்றுச் சுற்றச் சொல்லிவிடாதீர்கள். எனக்கு அந்தப் பாடம் ஒரு தீபாவளி அன்று கிடைத்தது.

2024 அக்டோபர் 31. தலையில் எண்ணெய் வைத்து ஊறிக்கொண்டிருந்தேன். வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாவது ஆட்டம், நியூயார்க் யாங்கீஸ் சொந்த மைதானத்தில். ஆரன் ஜட்ஜ் ஒரு ஹோம் ரன், அடுத்து வந்த ஜாஸ் சிஸம் ஒன்று, மூன்றாவது இன்னிங்ஸில் ஜியான்கார்லோ ஸ்டான்டன் ஒன்று. 5-0. சரி, இன்றைக்கு முடிந்தது என்று சீயக்காய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் 5-5.

நடந்ததை அப்புறம் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாவது இன்னிங்ஸ். ஜட்ஜ் கைக்கு வந்த சுலபமான கேட்ச்சை விட்டார். செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் வோல்பி தேர்டுக்கு எறிந்தது தப்பாகப் போனது. பேஸ் நிரம்பிவிட்டது, அவுட் இல்லை. அங்கே பிட்ச்சர் கெரிட் கோல் லக்ஸையும் ஓஹ்தானியையும் அடுத்தடுத்து ஸ்ட்ரைக் அவுட் பண்ணினார். மூன்றாவதாக மூக்கி பெட்ஸ். சப்பென்று ஒரு அடி, ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் உருண்டது. ஃபர்ஸ்ட் பேஸ்மேன் எடுத்துவிட்டார், ஆனால் பேஸில் போய் நிற்க வேண்டிய கோல் போகவில்லை. பெட்ஸ் ஓடிச் சேர்ந்தார், ஒரு ரன். பின்னாலேயே ஃப்ரீமன் இரண்டு, டியோஸ்கர் ஹெர்னாண்டஸ் இரண்டு.

ஸ்ட்ரைக் அவுட் ஆனால் எதிர் டீமில் பந்தை மூன்று பேர்கூடத் தொட வேண்டியதில்லை. பந்து தரையில் உருண்டால் ஒருவர் எடுக்கணும், ஒருவர் எறியணும், ஒருவர் பேஸில் இருக்கணும், எல்லாம் நாலு செகண்டுக்குள், கூட்டம் கத்தும்போது. தப்பு நடக்க அத்தனை கதவு திறந்திருக்கிறது. நிலைமைக்கு ஏற்ப அடிப்பது என்றால் அந்தக் கதவைத் திறந்து வைப்பது.

எட்டாவது இன்னிங்ஸ் இன்னும் சுத்தம். யாங்கீஸ் 6-5 முன்னிலை. டாட்ஜர்ஸுக்கு பேஸ் நிரம்பி, அவுட் இல்லை. ஐந்தாவதில் ஸ்ட்ரைக் அவுட் ஆன அதே கேவின் லக்ஸ் உயரமாக ஒன்று தூக்கிக் கொடுத்தார். கேட்ச், ரன்னர் வீடு, 6-6. அடுத்தவர் கேட்சரின் குறுக்கீட்டால் பேஸுக்குப் போனார். பெட்ஸ் மறுபடி உயரமாக ஒன்று, 7-6. ஆட்டம், சீரிஸ், எல்லாம் அதோடு சரி. மூன்று ஹோம் ரன் அடித்த டீம் தோற்றது. ஒன்றுகூட அடிக்காத டீம் இரண்டு கேட்ச்சைக் கொடுத்து ஜெயித்தது.

இதை நான் பிள்ளைகளுக்கு இப்படிப் பிரித்துச் சொல்கிறேன். ஸ்கோர் சமம் அல்லது ஒரு ரன் வித்தியாசம், ஆட்டம் கடைசி மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது, தேர்ட் பேஸில் ஆள், இரண்டுக்குக் குறைவாக அவுட். இந்த நாலும் சேர்ந்தால் மட்டையைச் சுருக்கு. நாலில் ஒன்று இல்லையென்றாலும் உன் வழக்கமான அடி. இரண்டு அவுட் ஆகிவிட்டதா? அப்போது உயரமான கேட்ச்சால் பிரயோஜனம் இல்லை, ஹிட் மட்டுமே ரன் தரும்.

சொந்த மைதானமா, வெளி மைதானமா என்பதும் உண்டு. கடைசியில் ஆடும் டீமுக்குச் சமநிலையில் ஒரு ரன் கிடைத்தால் அங்கேயே முடிந்தது, அதனால் ஒரு ரன்னுக்கு ஆடலாம். முதலில் ஆடும் டீம் ஒரு ரன்னுக்கு ஆடிவிட்டுத் திருப்தியாக உட்கார முடியாது. இன்னொன்று: லீக் பருவத்தில் பத்தாவது இன்னிங்ஸிலிருந்து செகண்ட் பேஸில் இலவசமாக ஒரு ரன்னரை நிறுத்துவார்கள். அக்டோபரில் அந்தச் சலுகை கிடையாது. லீக்கில் பத்தாவது இன்னிங்ஸ் பண்டுகளைப் பார்த்துப் பழகினவர்கள் இங்கே ஏமாறுவார்கள்.

சிவப்பு டேப்

இனி கை வேலை. ஹலசூர் மார்க்கெட் பக்கம் எந்த ஹார்டுவேர் கடையிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் கிடைக்கும். மட்டையின் அடிக்குமிழிலிருந்து இரண்டு விரல் அளவு மேலே ஒரு சுற்று ஒட்டுங்கள். வழக்கமாகப் பிடிக்கும்போது கை டேப்புக்குக் கீழே. இரண்டு ஸ்ட்ரைக் ஆனாலோ, மேலே சொன்ன நாலும் சேர்ந்தாலோ, கை டேப்புக்கு மேலே. மட்டை குட்டையாகும், சுற்று சீக்கிரம் வரும், பந்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம். கால்களைச் சற்று அகட்டி, முன்காலைத் தூக்காமல் அடிக்கணும். தூரம் குறையும், குறையட்டும்.

"கை மேல ஏத்திப் பிடிச்சா பயந்தவன்னு நெனைப்பாங்க மிஸ்" என்று ஒரு பையன் சொன்னான். அவனுக்கு 2001-ஐச் சொன்னேன். அரிசோனாவின் லூயிஸ் கொன்சாலெஸ் அந்தப் பருவத்தில் 57 ஹோம் ரன் அடித்தவர். ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 2-2, பேஸ் நிரம்பி ஒரு அவுட். பந்து போடுவது மரியானோ ரிவேரா. வீட்டுக்கு ஓடுகிறவரை மடக்க யாங்கீஸ் பேஸ்களை ஒட்டி நிற்கும் இன்ஃபீல்டர்களை முன்னால் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். 57 அடித்த அந்த மனிதர் கையை மட்டையில் மேலே ஏற்றிப் பிடித்தார். பந்து மட்டையின் மெல்லிய பகுதியில் பட்டு, பலமே இல்லாமல் எழும்பி, ஷார்ட்ஸ்டாப் டெரக் ஜீட்டரின் தலைக்குப் பின்னால் விழுந்தது. ஜீட்டர் வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் கேட்ச். முன்னால் வந்து நின்றதால் கோப்பை.

இதில் படிக்க வேண்டியது இன்ஃபீல்டர்களின் கால்களை. பிட்ச்சரைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். முன்னால் வந்திருந்தால் உருட்டாதே, அவர்கள் தலைக்கு மேல் தூக்கு. மார்பு உயரத்துக்கு வரும் பந்தைத் தேடு. பின்னால் நிற்கிறார்களா? ஒரு ரன்னைக் கொடுக்கத் தயார் என்கிறார்கள். நடுவில் உருட்டி விடு, வாங்கிக்கொள். மைதானத்தில் இதற்கு நான் செய்வது: நாலு பிளாஸ்டிக் நாற்காலியை இன்ஃபீல்டில் வைப்பேன். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஒருத்தி நாற்காலிகளை முன்னே அல்லது பின்னே இழுத்துவிடுவாள். பேட்டர் வாய்விட்டு "மேலே" அல்லது "கீழே" என்று சொல்லிவிட்டுத்தான் அடிக்கணும். முதல் வாரம் நாற்காலி உடையும். வாடகைக்கு எடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. தொட்டு ஆடுவது வேறு, எதையாவது தொடுவது வேறு. 2014 கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அந்த வருடம் மேஜர் லீகிலேயே குறைவாக ஹோம் ரன் அடித்த, குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன டீம். ஒரே ஆட்ட நாக் அவுட்டான வைல்ட் கார்டில் ஓக்லண்டிடம் 7-3 என்று பின்தங்கி, ஏழு ஸ்டீல் போட்டு, அதாவது அடிக்குக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடித் திருடி, துரத்தி, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் 9-8 என்று ஜெயித்தார்கள். கடைசி அடி கேட்சர் சால்வடோர் பெரெஸுடையது. வெகு வெளியே போன பந்தை எட்டிப் பிடித்து இழுத்து அடித்தார். ஹீரோ. ஒரு மாதம் கழித்து, வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்னிலை, தேர்டில் அலெக்ஸ் கார்டன், இரண்டு அவுட். அதே பெரெஸ். மேடிசன் பம்கார்னர் கண்ணுக்கு நேராக உயரமான பந்துகளைக் காட்டிக்கொண்டே இருந்தார். பெரெஸ் விடவில்லை, துரத்தினார். ஃபவுல் பக்கம் எழும்பிய பந்தைத் தேர்ட் பேஸ்மேன் பிடித்தார். கார்டன் தேர்டிலேயே நின்றுபோனார். ஒரே பழக்கம்தான், ஒரு முறை தோளில் தூக்கியது, ஒரு முறை கீழே போட்டது. நான் கேட்சராக இருந்தவள், பெரெஸ் மேல் எனக்குப் பரிதாபம் உண்டு. ஆனாலும் பயிற்சியில் டேப்புக்கு மேலே கை போகிற அதே நேரத்தில் "தலைக்கு மேல வர்றதை விடு" என்று கத்துவது அவரால்தான்.

ரன்னர் பாதி

அடிப்பவரை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பாதி ஆட்டம் விட்டுப் போகும். ஸ்டீல் எனக்குப் பண்டை விடப் பிடிக்கும், ஏனென்றால் அவுட்டைத் தானமாகக் கொடுப்பதில்லை, பந்தயம் கட்டுகிறோம். நாலுக்கு மூன்று முறை ஜெயிப்பவளாக இருந்தால் ஓடவிடுங்கள். அதற்குக் கீழே என்றால் வேண்டாம். 2004-ல் பாஸ்டன் யாங்கீஸிடம் மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்று, நாலாவதில் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ரன் பின்னால். வாக் வாங்கினவருக்குப் பதிலாக டேவ் ராபர்ட்ஸை ஓட அனுப்பினார்கள். அவர் ஓடத்தான் வந்தார் என்று ரிவேரா உட்பட எல்லோருக்கும் தெரியும். ரிவேரா மூன்று முறை ஃபர்ஸ்டுக்கு எறிந்து பார்த்தார். அப்படியும் ராபர்ட்ஸ் முதல் பந்திலேயே செகண்டுக்கு ஓடிச் சேர்ந்தார், அடுத்து பில் முல்லரின் சிங்கிளில் வீடு வந்தார், 4-4. பன்னிரண்டாவதில் டேவிட் ஓர்டிஸின் ஹோம் ரன் ஆட்டத்தை முடித்தது. திருடியதும் ஓங்கியதும் ஒரே ஆட்டத்தில். அந்த ராபர்ட்ஸ்தான் பின்னாளில் நான் சொன்ன டாட்ஜர்ஸுக்கு மேனேஜர்.

மறுபடி 2025-க்கு வருகிறேன், அந்த ஞாயிறு இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-4, டொராண்டோவுக்கு பேஸ் நிரம்பி ஒரு அவுட். டால்டன் வார்ஷோ சரியானதைத்தான் செய்தார், தரையில் உருட்டினார். ரோஹாஸ் தடுமாறிக்கொண்டே எடுத்து வீட்டுக்கு எறிந்தார். தேர்டிலிருந்து ஓடிய கைனர்-ஃபலேஃபா ஒரு சாண் தூரத்தில் அவுட். பேஸை ஒட்டியே நின்றிருந்தார், முன்னால் தள்ளி நிற்கவில்லை. ஏன் என்று கேட்டால் முந்தின நாளைப் பார்க்கணும்: ஆறாவது ஆட்டம் முடிந்ததே, செகண்ட் பேஸிலிருந்து ஏறி நின்ற ரன்னர் ஒரு கேட்ச்சில் திரும்பி வர முடியாமல் அவுட் ஆனதால்தான். ஒரு நாள் அதிகமாக நகர்ந்து போனது, மறுநாள் போதுமான அளவு நகராமல் போனது.

பதினோராவதிலும் அப்படியே. ஒரு ரன் பின்னால், கெரேரோ டபுள் அடித்துச் செகண்டில், அவுட் இல்லை. பண்ட் போட்டுத் தேர்டுக்கு நகர்த்தினார்கள். மேலே சொன்ன கணக்குப்படி தப்பே இல்லை. ஆனால் அடுத்தவருக்கு வாக் கொடுத்தவுடன் ஃபர்ஸ்டிலும் ஆள் வந்துவிட்டது, ஒரே பந்தில் இரண்டு அவுட் எடுக்கும் டபுள் ப்ளேவுக்கு வழி. வந்தவர் அலெஹாண்ட்ரோ கர்க், பந்தை நன்றாகத் தொடுவார், ஓட்டம் மெதுவான கேட்சர். ஷார்ட்ஸ்டாப் பக்கம் உருட்டினார். இரண்டு அவுட். எங்கள் வீட்டில் தோசை கருகும் வாசனை. பண்ட் போடச் சொல்லும் முன், அடுத்து வரும் இருவர் யார், அவர்கள் எவ்வளவு வேகமாக ஓடுவார்கள் என்று பட்டியலைப் பார்க்கணும் என்பதை இதைவிட யாரும் காட்ட முடியாது.

எங்கள் கதைக்கு வருகிறேன். போன பிப்ரவரி, வேறு பேட்ச், வேறு பெண்கள். அரையிறுதி, கடைசி இன்னிங்ஸ், 4-4, தேர்டில் ஆள், ஒரு அவுட். நான் தொப்பியையும் தொடவில்லை, கடிகாரத்தையும் தொடவில்லை. கேப்டன் தானாகவே கையைச் சிவப்பு டேப்புக்கு மேலே ஏற்றினாள். முன்னால் வந்து நின்ற பெண்களை ஒரு பார்வை பார்த்தாள். தாழ வந்த ஒன்றை விட்டாள். மார்பு உயரத்துக்கு வந்ததைத் தூக்கி லெஃப்ட் ஃபீல்டுக்கு அனுப்பினாள். கேட்ச், ரன்னர் வீடு சேர்ந்தாள், எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். எதிர் டீம் கோச் மட்டும் அமைதியாக அம்பயரிடம் போய் ஏதோ சொன்னார். கேட்ச் பிடிப்பதற்கு முன்பே எங்கள் ரன்னர் பேஸை விட்டுக் காலை எடுத்துவிட்டாளாம். எடுத்திருந்தாள். நானும் பார்த்தேன். அவுட், ரன் கிடையாது, அடுத்த இன்னிங்ஸில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

மறு வாரம் மட்டையைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. ஒருத்தி தேர்டில் ஒரு காலை ஊன்றி நிற்பாள், நான் பந்தை வானத்தில் எறிவேன், அது லெஃப்ட் ஃபீல்டரின் கையுறையைத் தொடும் சத்தம் கேட்ட பிறகுதான் ஓடணும். ஒரு மணி நேரம் அதுவேதான்.